குண்டுக்குழியா, குட்டையா? பழைய வான்படங்களை வாசிப்பது பற்றிய கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மீது விழுந்த குண்டுகளின் தடயங்களை வான்வழிப் புகைப்படங்களில் கண்டறிவது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

புவியியல் மாணவி ஒருவர்: வட்டமான பள்ளங்கள் எல்லாவற்றையும் குண்டுக்குழிகள் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. வட ஜெர்மனியின் சமவெளியில் பனியுகத்துப் பனிக்கட்டிகள் மண்ணுக்குள் உருகியதால் உண்டான குட்டைகளும், வயலுக்குச் சுண்ணாம்பு மண் வெட்டிய குழிகளும் ஏராளம். மண் வெட்டிய குழியில் வண்டி இறங்கிய சரிவு ஒரு பக்கம் தெரியும். வெடித்த குண்டோ மண்ணை நாலாபுறமும் வாரி இறைப்பதால், புதிய குழியைச் சுற்றி வெளிர்நிற வளையமும் சற்றே உயர்ந்த விளிம்பும் இருக்கும். இவற்றைவிட நான் நம்புவது வரிசையைத்தான்: ஒரே விமானத்திலிருந்து அடுத்தடுத்து விழுந்த குண்டுகள், அது பறந்த திசையிலேயே ஏறக்குறைய சீரான இடைவெளியில் குழி பறித்திருக்கும்.

மற்றொருவர்: என் கண்ணுக்குக் குழிகள் மேடுகளாகத் தெரிகின்றனவே?

பதில்: படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் வெயில் தெற்கிலிருந்து விழுவதால், வடக்கை மேலே வைத்த படத்தில் பள்ளம் புடைத்துத் தோன்றும். கட்டடங்களின் நிழல் உங்களை நோக்கி விழும்படி வைத்தால் சரியாகிவிடும்.

பொறியாளர் ஒருவர்: வெடிக்காத குண்டைப் படத்தில் காண முடியுமா?

பதில்: குண்டைக் காண முடியாது, அது நுழைந்த துளையைக் காணலாம். இந்த வேலையின் உயிரே அதுதான். பெரிய குழி, வெடித்து முடிந்துவிட்ட குண்டின் தடயம். இன்றும் ஆளைக் கொல்லக்கூடியது அதன் அருகிலுள்ள சிறு பொட்டு. 1:10,000 அளவையில் எடுத்த படத்தில் அரை மீட்டர் அகலத் துளை 0.05 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஃபிலிமில் ஒட்டிய தூசியும் அப்படியேதான் தெரியும். ஆகவே, அடுத்தடுத்து எடுத்த இரு படங்களிலும் அந்தப் பொட்டு இருக்கிறதா, தாக்குதலுக்கு முந்தைய படத்தில் இல்லாதிருக்கிறதா, குழிகளின் வரிசையில் ஒன்று விடுபட்ட இடத்தில் அமைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின்னரே அதைச் சந்தேகப் புள்ளியாகக் குறிக்க வேண்டும். இடிபாடும் மரநிழலும் நீரும் துளையை மறைத்துவிடும் என்பதால், பொட்டு தெரியாத இடத்தைப் பாதுகாப்பானது என்று ஒருபோதும் எழுதக் கூடாது.

வரலாற்று ஆர்வலர் ஒருவர்: இந்தப் படங்களை எடுத்தவர்கள் யார்?

பதில்: தாக்குதலின் விளைவை அறிய நேச நாடுகள் அனுப்பிய ஸ்பிட்ஃபயர், மொஸ்கிட்டோ போன்ற உளவு விமானங்கள். இங்கிலாந்தின் மெட்மன்ஹமில் அவற்றை ஆராய்ந்தார்கள். இன்று எடின்பரோவிலும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்திலும் பெருந்தொகுப்புகள் உள்ளன.

அதே உறுப்பினர்: ஒரானியன்பர்க் நகரம் மட்டும் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பதில்: பெர்லினுக்கு வடக்கிலுள்ள அந்நகரை 1945 மார்ச் 15 அன்று 600-க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் தாக்கின, யுரேனியம் பதப்படுத்திய அவுவர் ஆலை முக்கிய இலக்கு. வீசப்பட்டவற்றில் பெருமளவு தாமதமாக வெடிக்க வேண்டியவை. உள்ளே குப்பி உடைந்து, அதிலுள்ள அசிட்டோன் என்ற கரைப்பான், குண்டை வெடிக்க வைக்கும் ஊசியைத் தடுத்து நிறுத்தியிருக்கும் செல்லுலாய்டு தகட்டைக் கரைக்க வேண்டும். ஆனால் அங்கே மேல்மண் இளகியது, கீழே கடினமான சரளைப்படுகை. மண்ணுக்குள் பாய்ந்த குண்டுகள் பல, அதில் மோதி மூக்கு மேல்நோக்கித் திரும்பின. அசிட்டோன் தகட்டை விட்டு வடிந்துவிட்டது. அதன் ஆவி மட்டும் தகட்டை மெல்ல மெல்ல அரித்தது. அதனால்தான் அவற்றில் சில, யாரும் தொடாமலே, பல பத்தாண்டுகள் கழித்துத் தாமாக வெடித்திருக்கின்றன.

ஜெர்மனியில் வீடு கட்டவிருக்கும் ஒருவர்: நானே இணையத்தில் பழைய படம் பார்த்து முடிவு செய்யலாமா?

பதில்: ஆர்வத்துக்காகப் பாருங்கள், முடிவு செய்யாதீர்கள். உங்கள் மனை சந்தேகப் பகுதியில் இருக்கிறதா என்று கட்டட அனுமதி அலுவலகத்தில் கேளுங்கள். வெடிபொருள் அகற்றும் துறையினர் படத்தில் குறித்த புள்ளியைச் சுற்றித் துளையிட்டு, இரும்பின் காந்தத் தாக்கத்தை உணரும் காந்தமானியை இறக்கிச் சோதிப்பார்கள். மண்ணுக்குள் நுழைந்த குண்டு வளைந்து பக்கவாட்டில் சில மீட்டர் நகர்ந்திருக்கும் என்பதால் ஒரே துளை போதாது. தோண்டும்போது துருப்பிடித்த இரும்பு தட்டுப்பட்டால் வேலையை அப்படியே நிறுத்தி, விலகி நின்று, காவல்துறையின் 110-ஐ அழையுங்கள்.