டேப்பட் சத்தமும் சில கடிதங்களும்

கே: யெஸ்டி ரோட்கிங் பைக் ஒன்றை வாங்கி முழுதாகப் பிரித்துவிட்டேன். வால்வு கிளியரன்ஸ் எவ்வளவு வைப்பது? (செங்கோட்டை)

ப: அது டூ ஸ்ட்ரோக். டேப்பட் வைக்க, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே இடைவெளி விட, அதில் வால்வே கிடையாது. பிரிப்பதற்கு முன் கேட்டிருக்கலாம்.

கே: 1986 மாடல் புல்லட் 350. ராக்கர் மூடியைக் கழற்றிவிட்டேன். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) எங்கே நுழைப்பது? (கம்பம்)

ப: மூடியை மறுபடி மாட்டுங்கள். வார்ப்பிரும்பு என்ஜினில் அட்ஜஸ்டர் கீழே, வலப்பக்கம் சிலிண்டர் அடியில், ஒற்றை நட்டுப் போட்ட மூடிக்குள் இருக்கிறது. கேஜ் தேவையில்லை. ராத்திரி முழுக்க ஆறிய என்ஜினில்தான் கை வைக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தை மெல்ல உருட்டி, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் (இரண்டு வால்வும் மூடியிருக்க பிஸ்டன் ஏறும் நேரம்) பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு புஷ்ராடும் (ராக்கரைத் தள்ளும் கம்பிகள்) விரலுக்குத் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. மெல்லிய ஸ்பேனர் மூன்று வேண்டும்: டேப்பட்டை (புஷ்ராடுக்கு அடியில் இருக்கும் துண்டை) பிடிக்க ஒன்று, லாக் நட்டுக்கு ஒன்று, அட்ஜஸ்டருக்கு ஒன்று. லாக் நட்டை இறுக்கும்போது செட்டிங் கொஞ்சம் நகரும், அதனால் இறுக்கியபின் மறுபடி சுழற்றிப் பாருங்கள். மூடி நட்டில் பலத்தைக் காட்டினால் ஆயில் ஒழுகும்.

கே: அதே புல்லட்டில் கம்ப்ரஷனே இல்லை. டேப்பட்டா? (கூடலூர், தேனி மாவட்டம்)

ப: முதலில் டிகம்ப்ரஸர் (கிக் அடிக்க லேசாக இருக்க அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வு) கேபிளைப் பாருங்கள். லிவரில் கொஞ்சமாவது தளர்வு இல்லாவிட்டால் அந்தச் சின்ன வால்வு திறந்தே கிடக்கும்.

கே: ஹீரோ ஹோண்டா சிடி100க்கு வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர் என்கிறார்கள். ஃபீலர் கேஜுக்குப் பதில் ஷேவிங் பிளேடு போதாதா? (களியக்காவிளை)

ப: 0.05 சரி, இரண்டு வால்வுக்கும், ஆறிய என்ஜினில். பிளேடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதாவது இரண்டு மடங்கு. பைக்குச் செலவழிக்கிற ஆள் கேஜுக்குக் கஞ்சம் பிடிக்கக் கூடாது. இன்னொன்று: மேக்னட்டில் தெரிகிற எஃப் குறி பற்றவைப்புக்கு உரியது. டேப்பட்டுக்கு டி குறிதான். டி நேர்க்கோட்டில் வந்தும் ராக்கர் இரண்டும் இறுக்கமாக இருந்தால் தப்பான ஸ்ட்ரோக். இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள்.

கே: போடியிலிருந்து மெட்டு ஏறும்போது பாதி மலையில் ஸ்பிளெண்டரின் இழுவை போய்விடுகிறது. சூட்டில் நிறுத்தினால் கிக்கருக்கு எடுப்பதில்லை. டேப்பட் சத்தமே வராமல் மெக்கானிக் அழகாக செட் பண்ணிக் கொடுத்திருக்கிறார். (போடி)

ப: அந்த அழகுதான் கோளாறு. இதே கதையோடு மாதம் மூன்று நான்கு கடிதமாவது வருகிறது. சத்தம் பிடிக்கவில்லை என்று காதால் டேப்பட் வைக்கிறார்கள், அதுவும் வண்டி ஓடி வந்த சூட்டோடு. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் (வால்வு மூடி அமரும் வளையம்) உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லாவிட்டால், சூட்டில் வால்வுத் தண்டு நீளும்போது ராக்கர் அதைச் சீட்டில் உட்கார விடாது. அந்தச் சந்தில் நெருப்புக் காற்று சீறி வால்வின் விளிம்பைத் தின்னும். காலையில் ஆறிய வண்டி ஒழுங்காக எடுக்கும், மலையில் செகண்ட் கியரில் முழுத் திராட்டில் கொடுத்தால் மூச்சுத் திணறும். ஓட ஓட வால்வு சீட்டுக்குள் இறங்கும்போதும் இடைவெளி குறையும். சத்தம் தானாகக் குறைந்தால் சந்தோஷப்படாமல் கேஜை எடுங்கள்.

ஆறவைத்து 0.05 வைத்து ஓட்டுங்கள். கம்ப்ரஷன் திரும்பாவிட்டால் பிஸ்டனை உச்சிக்கு நெருங்க வைத்து, கிக்கரைக் கையால் அழுத்திக் காதைக் கொடுங்கள் (காது உதவுகிற இடம் இதுதான்). சைலன்ஸரில் புஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட், கார்புரேட்டரில் என்றால் இன்லெட், ஆயில் ஊற்றும் துளையில் என்றால் பிஸ்டன் ரிங்.

கே: கேஜ் வைத்து 0.05 பார்த்தும் டக்டக் நிற்கவில்லை. (தென்காசி)

ப: ராக்கர் முனையில் பள்ளம் விழுந்திருக்கும். கேஜ் பள்ளத்தின் மேல் பாலம்போல் கிடந்து பொய் சொல்லும். முனையைப் பாருங்கள், ஸ்க்ரூவை மாற்றுங்கள்.

கே: என் பழைய பைக்குக்கு எவ்வளவு? (ஊர் எழுதவில்லை)

ப: எந்த பைக்?

கே: வால்வை வீட்டிலேயே கிரைண்டிங் பேஸ்ட் போட்டு அரைத்தேன். இனி அப்படியே மாட்டலாமா? (கொழிஞ்சாம்பாறை)

ப: பேஸ்ட் ஒரு துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. மிச்சமிருந்தால் வால்வுத் தண்டு ஓடும் கைடையும் ரிங்கையும் அரைத்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை துடையுங்கள். சீட்டில் கோடு அறுபடாத ஒரே வட்டமாக, மங்கலான சாம்பலாகத் தெரிய வேண்டும். வால்வு, ஸ்பிரிங் மாட்டி, போர்ட்டின் (காற்றோ புகையோ போகும் வழி) வாய் மேலே பார்க்க ஹெட்டைத் திருப்பி வைத்து, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றுங்கள். 5 நிமிடம் கசியாமல் நின்றால் சரி. பக்கத்தில் பீடி கூடாது. அரைத்ததில் வால்வு சீட்டுக்குள் இறங்கி, அதன் தண்டு ராக்கர் பக்கம் ஏறியிருக்கும், பழைய டேப்பட் செட்டிங் இனிச் செல்லாது. ஹெட் மாட்டியதும் ஒருமுறை, 500 கிலோமீட்டர் ஓடி கேஸ்கெட் அமர்ந்ததும் இன்னொருமுறை, இரண்டும் ராத்திரி முழுக்க ஆறவைத்தபின்.