காளான் ஏற்றுமதி: மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

தலவாக்கலை: மரத்தூள் கலவை அடைத்த 200 பை வைத்து சிப்பிக் காளான் எடுக்கிறேன். உலர்த்தி வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசை. எங்கே பதிய வேண்டும்?

பதிவைக் கீழே பதுளைக் கேள்வியில் சொல்கிறேன், முதலில் கணக்கு. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பத்துக் கிலோ பறித்து உலர்த்தினால் கையில் நிற்பது ஒரு கிலோ. மூன்று மாதத்தில் 300 கிராம் தந்தால் அது நல்ல பை. அப்படிப் பார்த்தால் உங்கள் 200 பையும் சேர்ந்து 60 கிலோ பச்சைக் காளான் தரும். உலர்ந்தால் 6 கிலோ. மாதம் 100 கிலோ கேட்கிற ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் மாதாமாதம் 3,300 புதுப் பை போட வேண்டும். வித்து ஓடும் காலத்தையும், அதாவது போட்ட காளான் வித்தின் வெள்ளை இழை பை முழுதும் பரவும் காலத்தையும் சேர்த்தால் எந்த நாளிலும் 13,000 பைக்கு மேல் கைவசம் இருக்க வேண்டும். தனி ஆளால் ஆகாது. ஒரே வித்து, ஒரே கலவை, ஒரே தரப்பிரிப்பு என்று ஒத்துக்கொண்ட இருபது முப்பது பேர் கூடினால் ஆகும்.

விலை பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள். உலர் காளான் கிலோ விலை, பச்சைக் காளான் விலையின் பத்து மடங்கையும் அதற்கு மேல் விறகு, பொதி, வண்டிக் கூலியையும் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் பச்சையாகவே நுவரெலியா, எல்ல ஹோட்டல்களுக்குக் கொடுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

மஸ்கெலியா: வித்துப் போடும் முன் கிருமி சாகப் பைகளை ஆவியில் அவிக்கிறோம். கீழ் நாட்டில் ஆறு மணி நேரம் அவித்தால் போதும் என்கிறார்கள். எனக்கு நூற்றுக்கு முப்பது பை பச்சைப் பூஞ்சணம் பிடிக்கிறது.

உயரம்தான் காரணமாக இருக்கும். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர், 1,200 மீற்றர் உயரத்தில் 96 பாகையிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94. அழுத்தம் இல்லாத பீப்பாயில் எவ்வளவு விறகு போட்டாலும் ஆவியின் சூடு அதற்கு மேல் ஏறாது. ஏறாத சூட்டை நேரத்தால் ஈடுகட்ட வேண்டும்: எட்டு, ஒன்பது மணி நேரம். அதுவும் அடுப்பு மூட்டிய நேரத்திலிருந்து இல்லை, மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி வரத் தொடங்கியதிலிருந்து. பைகளை நெருக்கி அடுக்கினால் நடுப் பைக்கு ஆவி போகாது. அடித்தண்ணீர் வற்றாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைப் பூஞ்சணம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வாய்ப்பக்கம் என்றால் வித்துப் போடும்போது கை, கரண்டி சுத்தமில்லை, அல்லது பை வாயை அடைத்த பஞ்சு நனைந்திருக்கிறது. அடியில், நடுவில் திட்டுத் திட்டாக என்றால் அவிந்தது போதவில்லை. பூஞ்சணம் பிடித்த பையைக் கொட்டிலுக்குள் பிரிக்காதீர்கள். கட்டியபடியே வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.

கலவையைச் சிலர் முதல் நாளே பிசைந்து வைக்கிறார்கள். தவிடு புளித்துவிடும், கலந்த அன்றே அவியுங்கள். 10 கிலோ மரத்தூளுக்கு 1 கிலோ அரிசித் தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 100 கிராம் சோயா அல்லது பயற்றம் மா, 20 கிராம் மக்னீசியம் சல்பேற்று. தண்ணீரின் அளவைக் கைதான் சொல்லும்: இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது.

பண்டாரவளை: பக்கத்து மர ஆலையில் தூள் சும்மாவே தருகிறார்கள். வாங்கலாமா?

என்ன மரம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நம் பக்கத்து ஆலைகளில் பைனஸும் யூக்கலிப்டஸும் அதிகம். பைனஸ் பிசினும் யூக்கலிப்டஸ் எண்ணெயும் வித்தை ஓட விடாது. மா, அல்பீசியா, றப்பர் நல்லவை. ஆனால் தளபாடத்துக்காகப் பூச்சி மருந்தேற்றிய றப்பர் பலகையின் தூள் கூடவே கூடாது. மருந்தேற்றுவதற்கு முன் அறுத்த தூளைக் கேட்டு வாங்குங்கள்.

அட்டன்: தண்டு விரல் நீளம், குடை பொத்தான் அளவு. வித்து கெட்டதா?

வித்தில் குற்றமில்லை. குளிருக்குப் பயந்து கொட்டிலை இறுக மூடியிருப்பீர்கள். காளான் விடும் கரியமில வாயு உள்ளேயே தேங்கினால் தண்டு காற்றைத் தேடி நீளும், குடை விரியாது. தரையோடு ஒட்டியும் கூரை ஓரத்திலும் வலை போட்ட துவாரம் வையுங்கள். வலை இல்லாவிட்டால் ஈ வந்து முட்டையிடும். பனிமூட்டம் இறங்கும் நாளில் தண்ணீர் தெளிக்கவே வேண்டாம். குடைமேல் நீர் தங்கினால் மஞ்சள் கறை விழும், அது ஹோட்டலுக்குக்கூடப் போகாது.

நுவரெலியா: எங்கள் குளிருக்கு எந்த வகை?

பால் காளானும் இளஞ்சிவப்புச் சிப்பியும் வேண்டாம், அவை சூட்டுக்காரர்கள். அமெரிக்கன் சிப்பி வரும். ஆனால் வித்து ஓட 24 முதல் 28 பாகை வேண்டும். அந்த அறையை மட்டும் தனியாக அடைத்துப் பைகளை நெருக்கி வையுங்கள். கீழே மூன்று நான்கு வாரத்தில் வெள்ளையாகிற பை, உங்களிடம் இன்னும் இரண்டு வாரம் எடுக்கலாம். குளிரை வைத்து உண்மையில் லாபம் பார்க்கக் கூடியது மொட்டுக் காளான். அது 14 முதல் 18 பாகையில் முளைக்கும். கீழ் நாட்டில் குளிரூட்டி போட்டுச் செய்வதை உங்களுக்குக் காற்றே செய்து தரும். சிக்கல் வைக்கோலில். வெலிமடைப் பக்கமிருந்து ஏற்றி வந்து, உரமாக நொதிக்க வைத்து, சூடேற்றிக் கிருமி நீக்கி, மேல்மண் போட வேண்டும். சிப்பியில் கை பழகிய பிறகு இறங்குங்கள்.

வெலிமடை: உலர்த்தியது இரண்டு வாரத்தில் தொய்ந்து பூச்சி விழுந்துவிட்டது.

ஒன்று, ஈரம் முழுதாகப் போகவில்லை. அல்லது பொதி ஈரத்தை உள்ளே விட்டது. வெயிலை நம்பி மலையகத்தில் உலர்த்த முடியாது. உலர்த்தும் பெட்டியில் 45 பாகையில் தொடங்கி 60க்குள் முடியுங்கள். எடுத்த எடுப்பிலேயே சூட்டைக் கூட்டினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் நிற்கும். கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவு நியமப்படி ஈரம் 12 வீதத்துக்குள் இருக்க வேண்டும். வளைத்தால் தோல்போல மடியாமல் ‘படக்’ என்று முறிய வேண்டும். ஆறியதும் உடனே அலுமினியப் படலப் பையில் சிலிக்கா ஜெல்லோடு அடையுங்கள். பனி இறங்கும் மாலையில் பொதி கட்டாதீர்கள்.

பதுளை: பத்திரங்கள் என்னென்ன?

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்நாட்டு இறைவரியில் வரி இலக்கம், சுங்கத்தில் ஏற்றுமதியாளர் பதிவு, ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் பதிவு. லயத்தில் இருப்பவர்கள் கொட்டில் போடும் முன்பே தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இடத்துக்கு அத்தாட்சி கேட்கும்போது அது கை கொடுக்கும். பச்சைக் காளானுக்குத் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், அதைக் கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை வழங்குகிறது. உலர் காளானுக்கு என்ன வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், வாங்குபவரிடம் எழுத்தில் கேளுங்கள். சுங்கக் குறியீடு: பச்சைச் சிப்பி 0709.59, உலர்ந்தது 0712.39. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகை கேட்பதானால், 6,000 யூரோவுக்கு மேற்பட்ட பொதிக்கு வர்த்தகத் திணைக்களத்தில் ரெக்ஸ் (பதிவுசெய்த ஏற்றுமதியாளர்) பதிவும் தேவை.

கண்டி: மாலைதீவுக்குப் பச்சையாகவே அனுப்பலாமா?

அனுப்பலாம், ஏற்கெனவே மரக்கறி அனுப்புகிறவரின் பொதியோடு சேர்த்து. பறித்த ஒரு மணி நேரத்துக்குள் 4 பாகைக்குக் குளிர வைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும். வண்டியில் குளிர் ஒருமுறை விட்டுப்போனால் பைக்குள் வியர்த்துக் கொழகொழத்துவிடும். குடையின் ஓரம் மேல்நோக்கி விரியும் முன்பே பறியுங்கள்.

ஹப்புத்தளை: காட்டில் முளைக்கிற காளானைப் பொறுக்கி உலர்த்தி அனுப்பினால்?

வேண்டாம். ஒரு நச்சுக் காளான் கலந்தால் உயிர் போகும்.