பிரிட்டனில் டிப்ளமோவும் மாஸ்டர்ஸும் ஒன்றா?

தம்பி, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது, அதுவும் மாஸ்டர்ஸும் ஒன்றுதானே, ஒரே வருடத்தில் முடிகிற மாஸ்டர்ஸுக்கு மதிப்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒன்றல்ல. இங்கே படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகால் கணக்கிடுவார்கள். மாஸ்டர்ஸ் என்றால் 180 கிரெடிட். 120 முடித்தால் டிப்ளமோ, 60 முடித்தால் சர்டிபிகேட். மூன்றும் ஒரே மட்டத்துப் படிப்புதான், பாடங்களும் பெரும்பாலும் அவையேதான். கடைசி 60 கிரெடிட்தான் வித்தியாசம். பல துறைகளில் அது ஆய்வேடு.

அந்த 60ஐ நான் லேசாக நினைத்துவிட்டேன். பாடமெல்லாம் தேறியாயிற்று, ஆய்வேட்டை வேலைக்குப் போய்க்கொண்டே எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கெடு தாண்டிவிட்டது. தபாலில் வந்த உறையைப் பிரித்தேன். என் பெயர் சரி, துறையின் பெயர் சரி. மாஸ்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமோ என்று அச்சாகியிருந்தது. பிஎச்டிக்கு விண்ணப்பித்தபோது மாஸ்டர்ஸ் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி சேர்ந்து முடிக்க இரண்டு வருடம் போனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு வருடம்தானே என்று மதிப்பைக் குறைத்து நினைக்க வேண்டாம். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது இங்குள்ள கணக்கு. 180க்கு 1,800 மணி நேரம். கோடை விடுமுறையும் ஆய்வேட்டிலேயே போய்விடும்.

இன்னொன்று, 'போஸ்ட்' இல்லாத வெறும் கிராஜுவேட் டிப்ளமோவும் உண்டு. இங்கிலாந்தில் அது 6ஆம் நிலை, அதாவது இளங்கலையின் கடைசி வருட மட்டம். மாஸ்டர்ஸ் 7, பிஎச்டி 8. எம்.ஏ. என்ற எழுத்தைக்கூட அப்படியே நம்ப முடியாது. எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற பழைய ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. நான்கு வருட முதல் பட்டம். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பி.ஏ. முடித்தவர்கள் சில வருடம் கழித்துத் தேர்வே எழுதாமல் எம்.ஏ. வாங்கிக்கொள்ளலாம்.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: டிப்ளமோவைத் தேறினால் மீதி 60 கிரெடிட்டை அங்கேயே முடித்து மாஸ்டர்ஸ் ஆக்கிக்கொள்ள முடியுமா, அதற்கு எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று சேர்க்கைப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது. பல்கலைக்கழகத்தின் பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.