கணக்கு உங்களுடையது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டுச் செலவு எழுத நோட்டு போதுமா, ஆப் வாங்கட்டுமா?

நோட்டு. ஒரு மாதம் விடாமல் எழுதிவிட்டு மறுபடி கேளுங்கள்.

கேள்வி: நாலு வருடமாகப் பணம் கட்டிப் பயன்படுத்திய ஆப்பை மூடப்போகிறார்களாம். பழைய கணக்கெல்லாம் போய்விடுமா?

இன்றே அந்த ஆப்பின் செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட்' என்று தேடுங்கள், கணக்கை வெளியே எடுக்கும் வசதி அது. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) கோப்பாகக் கிடைத்தால் எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரெஆபிஸ் கால்க் எதிலும் திறக்கும். பிடிஎஃப் மட்டும் தந்தால் அதையாவது எடுத்து வையுங்கள். கூட்டிக் கழிக்க உதவாது, பார்த்துக்கொள்ள உதவும்.

உங்கள் மேல் தவறில்லை. 2007-ல் வந்த மின்ட் என்ற செலவுக் கணக்கு ஆப்பை எத்தனையோ குடும்பங்கள் நம்பின. 2009-ல் அதை வாங்கிய இன்டுயிட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. பெரிய பெயர் என்பதற்காக நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

நானும் ஒரு ஆப்புக்கு 'வாழ்நாள் சந்தா' கட்டினேன். ரெண்டே வருடத்தில் நின்றுபோனது. எக்ஸ்போர்ட் வசதியே கிடையாது. அம்மாவின் ஒரு வருட மருத்துவச் செலவு முழுக்க அதில்தான் இருந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து, திரையைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதி எடுத்தேன். அதிலிருந்து எந்த ஆப்பாக இருந்தாலும் முதல் நாளே பத்துச் செலவைப் பதிந்து, வெளியே எடுக்க வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லையென்றால் வாங்குவதில்லை. நாம் எழுதிய கணக்கை நமக்கே தராமல் வைத்துக்கொள்வதை மோசடி என்றுதான் சொல்வேன்.

கேள்வி: இலவசம் என்றுதான் சேர்ந்தேன். ஆப்பை நீக்கிய பிறகும் ஒரு வருடச் சந்தாவை எடுத்துவிட்டார்களே?

கார்டு எண்ணை எதற்குக் கேட்டார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டாமா? ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோரில் சந்தாப் பக்கத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி இன்றைக்கே எழுதுங்கள். தாமதித்தால் கிடைக்காது.

கேள்வி: செலவைத் தானே குறித்துக்கொள்ளும் என்று மாமியார் ஒரு ஆப்பைப் போட்டார். வங்கிக் கடவுச்சொல், ஓடிபி கேட்டது, கொடுத்துவிட்டார். பணம் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள்.

முதலில் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஏமாற்றியவன் வேறு ஒருவன். உடனே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள், வேறு போனிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள். அந்த ஆப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு நீக்குங்கள், ஆதாரம் வேண்டும். மாமியாரிடம் ஒருவர் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசுங்கள். பயந்துபோனால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

கேள்வி: க்னுகேஷ் என்ற கணக்கு மென்பொருள் நல்லதா?

நல்லது, இலவசமும்கூட. ஆனால் இரட்டைப் பதிவு முறை, ஒவ்வொரு செலவையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுத வேண்டும். அது புரிந்தவர் என்றால் எடுங்கள், இல்லையென்றால் எக்செல் போன்ற ஸ்ப்ரெட்ஷீட்.