காரா, ரயிலா? மதுரையிலிருந்து தினமும் போய்வருகிறவர்களுக்குக் கேள்வி பதில்

மதுரைக்கும் விருதுநகருக்கும் இடையே பல வருடங்களாக வேலைக்குப் போய்வருகிறேன். ரயிலிலும் போயிருக்கிறேன், காரிலும் போயிருக்கிறேன். சீசன் டிக்கெட், சுங்கம், பெட்ரோல் கணக்கு, எந்தப் பாதையில் எதை நம்பலாம் என்பதையெல்லாம் கேளுங்கள். தட்கல், முன்பதிவு சந்தேகங்கள் இங்கே வேண்டாம்.

கேள்வி (எல்லீஸ் நகர்): அண்ணே, விருதுநகரில் புது வேலை. காலை ஒன்பதரைக்கு உள்ளே இருக்கணும், மாலை ஆறு மணிக்கு விடுவார்கள். வீட்டில் கார் இருக்கிறது. காரில் போகவா, ரயிலிலா?

பதில்: தம்பி, எல்லாரும் காலை ரயிலைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நீங்கள் மாலை ரயிலை முதலில் பாருங்கள். ஆறு மணிக்கு வெளியே வந்து விருதுநகர் ஸ்டேஷனைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம் மதுரைக்கு எந்த ரயில்? அதை விட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு? அந்த இரண்டாவது ரயிலிலும் உங்கள் சீசன் செல்லுமா? இதற்கெல்லாம் நல்ல பதில் இருந்தால் தயங்காமல் ரயிலுக்குப் போங்கள். இரண்டாவது ரயில் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் என்றால், மேலதிகாரி கால் மணி நேரம் நிறுத்தி வைக்கிற நாளெல்லாம் பஸ்ஸில்தான் வீடு திரும்புவீர்கள்.

ரயிலில் தூரம் 43 கிலோமீட்டர்தான். இரட்டைப் பாதை வந்த பிறகு எதிர் ரயிலுக்காக வழியில் காத்துக்கிடக்கும் தொல்லை இல்லை. எல்லீஸ் நகர்க்காரர் என்பதால் மதுரை ஜங்ஷனின் மேற்கு வாசலும் உங்களுக்குப் பக்கம். விருதுநகரில் இறங்கியபின் அலுவலகம் பஜாருக்கு அருகிலா, நாற்கரச் சாலை ஓரத்திலா என்று பாருங்கள். சாலை ஓரம் என்றால் தினமும் இரண்டு ஆட்டோ. அது சீசன் கட்டணத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

இனி கார். போக வர 100 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு ஆறு லிட்டருக்கு மேல் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலே ஒரு நாளைக்கு 600 தாண்டும், 25 நாளில் 15,000 தாண்டும். சுங்கம், டயர், சர்வீஸ், வண்டியின் விலை தேய்வது எதையும் இதில் சேர்க்கவில்லை. ஒரே பக்கம் போகிற மூன்று பேர் பெட்ரோலைப் பகிர்ந்துகொண்டால் கார் நியாயமான ஏற்பாடு. தனியாளாகத் தினமும் ஓட்டினால் சம்பளத்தில் ஒரு பங்கு பெட்ரோல் பங்க்குக்குப் போகிறது.

கேள்வி (வாடிப்பட்டி): சீசன் டிக்கெட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள் சார்.

பதில்: 150 கிலோமீட்டர் வரை தருவார்கள். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என எடுக்கலாம். மாதக் கட்டணத்தைப் போல மூன்று மாதத்துக்கு 2.7 மடங்கு, ஆறு மாதத்துக்கு 5.4, வருடத்துக்கு 10.8. வேலை நிரந்தரமென்றால் மூன்று மாதமாக எடுங்கள், மாதாமாதம் வரிசையில் நிற்கும் வேலை குறையும். கைபேசியிலும் புதுப்பிக்கலாம். சூப்பர்ஃபாஸ்ட் ரயிலில் ஏற அதற்கான கூடுதல் கட்டணமும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். வந்தே பாரத்திலும் தேஜஸிலும் பொதுப்பெட்டியே கிடையாது, அதனால் அங்கே சீசனுக்கு இடமில்லை. அட்டவணையைப் பார்க்கும்போதே அந்த ரயில்களை அடித்துவிடுங்கள். வாடிப்பட்டியில் எல்லா விரைவு ரயிலும் நிற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மானாமதுரை): நான் மதுரைக்கு வந்து போகிறவன். ரயில் சில நாள் நேரத்துக்கு வருகிறது, சில நாள் அரை மணி நேரம் தாமதம். ஏன்?

பதில்: உங்கள் பாதை ஒற்றை வழி. ராமேஸ்வரம் பக்கத்து ரயில் ஒன்று தாமதமானால் உங்கள் ரயில் சிலைமானிலோ திருப்புவனத்திலோ எதிர் ரயிலுக்கு வழிவிட நிற்கும். கைரேகை வருகைப்பதிவு உள்ள அலுவலகமென்றால் காலையில் பஸ், மாலையில் ரயில் என்று பிரித்துக்கொள்ளலாம். மாலையில் அரை மணி நேரத் தாமதத்துக்கு யாரும் சம்பளம் பிடிக்கப் போவதில்லை.

கேள்வி (திருநகர்): கார் நல்லதா, ரயில் நல்லதா?

பதில்: எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்லாமல் பதில் இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சாத்தூர்): சீசன் வைத்திருக்கிறோம். பொதுப்பெட்டியில் கால் வைக்க இடமில்லை. பகல் நேரத்தில் ஸ்லீப்பரில் காலியாக இருக்கிற சீட்டில் உட்கார்ந்தால் என்ன தப்பு?

பதில்: சீசன் முன்பதிவுப் பெட்டிக்குச் செல்லாது. பரிசோதகர் பிடித்தால் பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். சில ரயில்களில் குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் சில ஸ்லீப்பர் பெட்டிகளை முன்பதிவு இல்லாததாக அறிவித்திருப்பார்கள். உங்கள் ரயிலில் அது உண்டா என்று ஸ்டேஷனில் கேளுங்கள்.

அதே சாத்தூர்க்காரர்: சட்டம் தெரியும் அண்ணே. சீட்டு காலியாகத்தானே கிடக்கிறது?

குறுக்கே ஒரு பதில் (கோவில்பட்டி): காலியாக இல்லை. நான் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை கூட்டி வருகிறேன். முன்பதிவு செய்தும் ஒவ்வொரு தடவையும் எங்கள் படுக்கையில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்திருக்கச் சொன்னால் 'தினமும் வருகிறோம்' என்று சண்டைக்கு வருகிறார்கள்.

இன்னொருவர் (திருமங்கலம்): நாங்கள் என்ன சொகுசுக்கா ஏறுகிறோம்? எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறோம்.

பதில்: இதைப் பேசித்தான் ஆக வேண்டும். கோவில்பட்டித் தங்கை சொல்வது முழுக்க நியாயம். பணம் கட்டி வாங்கிய படுக்கை நோயாளிக்கு உரியது. தினமும் வருவதால் யாருக்கும் அதில் உரிமை பிறக்காது. திருமங்கலத்துத் தம்பியின் கால்வலியும் உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் அந்த அம்மா இல்லை. அலுவலக நேரத்து விரைவு ரயில்களில் பொதுப்பெட்டிகள் போதாமல் இருப்பதுதான் காரணம். கோபத்தை அங்கே திருப்புங்கள். ஒரே ரயிலில் வருகிற சீசன்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ரயில் எண், தேதி, எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு ஏற முடியவில்லை என்ற விவரத்தோடு மதுரைக் கோட்ட மேலாளருக்கு மனுக் கொடுங்கள். பொத்தாம்பொதுவாக 'கூட்டம் அதிகம்' என்று எழுதினால் எடுபடாது. கொரோனாக் காலத்தில் சாதாரணப் பயணிகள் ரயில்களுக்கும் விரைவு ரயில் கட்டணம் வாங்கினார்கள், குறைந்தபட்சம் 30 ரூபாய். பயணிகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024 தொடக்கத்தில் பழைய 10 ரூபாய்க்குத் திரும்பியது.

சாத்தூர்க்காரர்: மனுக் கொடுக்கிற வரை?

பதில்: பொதுப்பெட்டிதான், தம்பி. முடிந்தால் நின்று நின்று போகிற பயணிகள் ரயிலைப் பிடியுங்கள். இருபது நிமிடம் கூடும், உட்கார இடம் கிடைக்கும். இன்னொன்று, கிளம்பிவிட்ட ரயிலை ஓடிப் பிடிக்காதீர்கள். அதற்காகத்தான் இரண்டாவது ரயிலைத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த ரயில் தெரிந்தவர் ஓடமாட்டார்.

கேள்வி (பழங்காநத்தம்): விருதுநகர் போகிற வழியில் கப்பலூர் சுங்கத்துக்கு வருடப் பாஸ் லாபமா?

பதில்: 2025 ஆகஸ்ட் 15 அன்று ஃபாஸ்டேக் வருடப் பாஸ் வந்தபோது 3,000 ரூபாய். 200 முறை அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். சொந்த உபயோகக் காருக்கு மட்டும். அந்த விலைக்கு ஒரு முறை கடக்க 15 ரூபாய்தான், மலிவு. ஆனால் பெயரில் வருடம் என்று இருப்பதை நம்ப வேண்டாம். தினமும் போக வர இரண்டு, மாதம் 50. நான்கு மாதத்தில் 200 தீர்ந்துவிடும், திரும்ப வாங்க வேண்டும். பைக்குக்குச் சுங்கமே இல்லை.

கேள்வி (திண்டுக்கல்): நான் நர்ஸ். மதுரையில் இரவுப் பணி. ஸ்கூட்டரில் வந்து போகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வருவதைக்கூட விடுங்கள், காலையில் ஒரு ராத்திரித் தூக்கம் விட்ட கண்ணோடு அறுபது கிலோமீட்டருக்கு மேல் நாற்கரச் சாலையில் திரும்புவதுதான் ஆபத்து. நேரான சாலை, இளங்காற்று, கண் சொக்கும். சொக்கியது நமக்கே தெரியாது. கார் வைத்திருக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். இரவுப் பணிக்கு ரயில் அல்லது பஸ். காலையில் ஆரப்பாளையத்திலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ் வந்துகொண்டே இருக்கும். ரயிலில் பெண்கள் பெட்டி இருந்தால் அதில் ஏறுங்கள். தொந்தரவு என்றால் 139-க்கு அழையுங்கள்.

கேள்வி (திண்டுக்கல், வழக்கறிஞர்): உயர் நீதிமன்றக் கிளைக்குத் தினமும் வர வேண்டும்.

பதில்: உங்களுக்குக் கார்தான், சேர்ந்து வர நான்கு வழக்கறிஞர்கள் கிடைத்தால். நீதிமன்றம் உலகநேரியில், ஜங்ஷன் ஊரின் நடுவில். ரயிலில் மிச்சமான நேரம் கோரிப்பாளையம் நெரிசலிலேயே போய்விடும்.

கேள்வி (உசிலம்பட்டி): போடி ரயிலை நம்பி மதுரையில் வேலைக்குச் சேரலாமா?

பதில்: அகலப்பாதைக்காகப் பல வருடம் மூடிக்கிடந்து, 2022-ல் தேனி வரைக்கும் 2023-ல் போடி வரைக்கும் ரயில் வந்தது பெரிய சந்தோஷம். ஆனால் அந்தப் பாதையில் ஓடுகிற ரயில்கள் மிகக் குறைவு. உங்கள் வேலை நேரத்தோடு பொருந்தினால் ஏறுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். பஸ்தான் உங்களுக்கு முதுகெலும்பு.

கேள்வி (விளாங்குடி): விருதுநகருக்குக் காரில் போகவா, ரயிலில் போகவா?

பதில்: முதல் பதில். மாலை ரயிலைப் பாருங்கள்.

கேள்வி (கூடல்நகர்): மூணாறு போக எந்த ரயில்?

பதில்: மூணாறுக்கு ரயில் கிடையாது. மற்றதைச் சுற்றுலா தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (அனுப்பானடி): ஸ்டேஷனில் பைக்கை விட்டுவிட்டு ரயில் ஏறலாம் என்றிருக்கிறேன். தினமும் டோக்கன் போட்டால் கட்டுப்படியாகுமா?

பதில்: தினக் கட்டணம் வேண்டாம், மாதப் பாஸ் கேளுங்கள். மாலையில் எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கம் பெரியார் பஸ் நிலைய நெரிசலில் மாட்டினால் பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்து வீட்டை விட்டுக் கிளம்புங்கள், ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருக்காது.