கேள்வி-பதில்: கண்டிஷனர் துகளும் கடைக்காரர் சொல்லும்

கேள்வி (கீழக்கரை): சல்ஃபேட் இல்லாதது என்று சொல்லி விற்ற கண்டிஷனரில் ‘பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஏமாற்றா?

பதில்: இல்லை, ஷாம்புவில் நுரைக்காகச் சேர்க்கும் சல்ஃபேட் வேறு, முடியை மிருதுவாக்கும் இது வேறு.

கேள்வி (ராமேஸ்வரம்): வீட்டிலேயே கண்டிஷனர் செய்து விற்றுப் பிழைக்கிறேன். இணையத்தில் ‘பி.டி.எம்.எஸ். 50’ (பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட் கலந்த துகள்) என்று ஒரு கிலோ வாங்கினேன். வழக்கமான அளவு சேர்த்தும் கலவை கெட்டிப்படவில்லை. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

பதில்: பிழை உங்கள் கைப்பக்குவத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அம்மா. எண்ணெயையும் நீரையும் பிரியாமல் இணைத்து, முடியையும் மிருதுவாக்குகிற அந்த மூலப்பொருள், 50 என்று விற்கும் துகளில் ஏறத்தாழப் பாதியும் 25 என்பதில் கால் பங்கும் இருக்கும். மீதியில் பெரும்பகுதி மெழுகு போன்ற செட்டைல் அல்லது செட்டரைல் ஆல்கஹால். 50 என்ற பெயரில் உங்களுக்கு 25-ஐ அனுப்பியிருக்கலாம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால், தொகுதி (பேட்ச்) எண்ணுடன் கூடிய பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டுப் பெற்ற பிறகே பணம் கட்ட வேண்டும். நான் ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு கிலோ ‘குழம்பாக்கும் மெழுகு’ வாங்கினேன். சுடுநீரில் பால்போலக் கலங்க வேண்டிய அது எண்ணெய்ப் படலமாக மிதந்தது. மின்தடை இரவுகளில் அதுதான் எங்கள் வீட்டு மெழுகுவர்த்தி.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பயனில்லையென்றால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. சுயதொழிலால் பிழைப்பதற்காக வாங்கியது என்று மனுவில் தவறாமல் எழுதுங்கள். இல்லையென்றால் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்லர் என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

கேள்வி (தொண்டி): இதே துகளைத் திரவ சோப்பில் போட்டேன், திரிந்துவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. இது நேர்மின்னேற்றம் கொண்டது, சோப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் சேர்ந்தால் திரியத்தான் செய்யும். வாங்கிய பிறகு எனக்கு எழுதுவதைவிட, வாங்கும் முன் குறிப்பைப் படித்திருக்கலாம்.

கேள்வி (மண்டபம்): நான் பாசி எடுக்கும் தொழிலாளி. ‘100 சதவீதம் இயற்கை, கடற்பாசிக் கண்டிஷனர்’ என்று 650 ரூபாய்க்கு விற்றார்கள். உண்மையில் பாசி இருக்கிறதா?

பதில்: உங்கள் கையால் எடுத்த பாசியின் பெயரைச் சொல்லி உங்களிடமே விற்றிருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 1 சதவீதத்துக்கு மேலுள்ள பொருள்களை எடை மிகுதியிலிருந்து குறைவு நோக்கி வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதி. பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டாத பதப்படுத்தியான ஃபீனாக்ஸியெத்தனாலுக்குப் பின்னால் பாசிச் சாறு வந்திருந்தால், அதில் இருப்பது ஒரு சிட்டிகைதான். ‘இயற்கை’ என்ற சொல்லோ எனக்கு நெடுநாள் எரிச்சல். முடியில் படிந்து மென்மை தருகிற பெஹென்ட்ரைமோனியத்தின் நீண்ட கொழுப்புச் சங்கிலி கடுகினத்து ரேப்சீடு எண்ணெயிலிருந்து வருகிறது என்பது மெய். ஆனால் அதற்கு மின்னேற்றம் கொடுக்கும் பகுதி ஆலையில், டைமெத்தில் சல்ஃபேட்டுடன் வினைப்படுத்திச் சேர்க்கப்படுவது. அதனால் அது கெட்ட பொருளாகிவிடாது. உப்புக் காற்றிலும் உவர்நீரிலும் சிக்குப் பிடிக்கும் நம் கரையோரத் தலைமுடிக்கு நன்றாகவே உதவும். தாவரத்திலிருந்து பெற்றது என்று சொல்லி நிறுத்தாமல், 100 சதவீதம் என்று கூட்டிச் சொல்லி 650 ரூபாய் வாங்குவதே எனக்கு ஒவ்வாதது. உரிம எண்ணும் தொகுதி எண்ணும் புட்டியில் உள்ளனவா என்று பாருங்கள். புகார் செய்வதானால், அது தீரும் வரை, காலியானாலும் புட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.