யானைக்கு மேலே தொங்கும் ஸ்பிட்ஃபயர்: 1940-ல் சண்டை போட்ட விமானமா அது?

கேள்வி: என் மகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படிக்கிறாள். அடுத்த மாதம் அவளைப் பார்க்கப் போகிறோம். அங்கே கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தொங்குகிறதாம். அது 602-ஆம் ஸ்குவாட்ரனுடையது (ஸ்குவாட்ரன் என்றால் விமானப் பிரிவு), துணை விமானப்படையைச் சேர்ந்தது என்கிறாள். 1940-ல் பிரிட்டன் வானில் நடந்த போரில் அந்த விமானம் பறந்ததா? துணைப்படை என்றால் இரண்டாம் வரிசை ஆட்கள்தானே? நேரில் போனால் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும், ஐயா?

பதில்: அந்த ஸ்குவாட்ரன் 1940-ல் சண்டை போட்டது. நீங்கள் பார்க்கப்போகும் விமானம் போடவில்லை. அது கட்டப்பட்டதே 1944-ல்தான். இதைக் கேட்டு ஏமாற்றம் அடைய வேண்டாம். துணைப்படை என்றால் என்ன என்பதை, 1940-ல் பறந்த விமானத்தைவிட இது தெளிவாகக் காட்டும். எப்படி என்று சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தின் மேற்கு மண்டபத்தில் சர் ரோஜர் என்ற பாடம் செய்யப்பட்ட ஆசிய யானை நிற்கும். அதற்கு மேலேதான் விமானம். முதலில் மூக்கைப் பாருங்கள். ப்ரொப்பெல்லரில் 5 தகடுகள் இருக்கும். 1940-ல் பறந்த முதலாம் ரக ஸ்பிட்ஃபயருக்கு 3 தகடுகள்தான், இஞ்சின் மெர்லின். இது 21-ஆம் ரகம். அதைவிடப் பெரிய கிரிஃபான் இஞ்சின். அடுத்தது இறக்கை. பழையதில் 8 இயந்திரத் துப்பாக்கிகள் உள்ளே அடங்கியிருக்கும். இதில் 4 பீரங்கிகளின் குழல்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பிட்ஃபயர் எங்கே இருந்தாலும் இந்த இரண்டையும் பார்த்தாலே போரின் தொடக்க காலத்ததா, கடைசிக் காலத்ததா என்று சொல்லிவிடலாம்.

இனி உடலின் பக்கவாட்டு எழுத்துகள். இவைதான் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆர்ஏஐ, ஒரு வட்டச் சின்னம், அப்புறம் ஜி என்று இருக்கும். போர்க்காலம் முழுக்க 602-இன் குறி எல்ஓ என்ற இரண்டே எழுத்துகள். போர் முடிந்து, துணைப்படைப் பிரிவுகள் ரிசர்வ் தலைமையகத்தின் கீழ் வந்தபோது, ஆர் என்று தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகள் அவற்றுக்குத் தரப்பட்டன. ஆக, சண்டையெல்லாம் முடிந்த பிறகும் வார நாளில் சொந்த வேலை, வார இறுதியில் விமானம் என்று திரும்பி வந்தவர்கள் ஓட்டிய விமானம் இது. எல்ஏ198 என்ற எண்ணுள்ள இது 602-க்கு வந்தது 1947-ல்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனிடம் பெரிய விமானப்படை வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. விமானப்படைத் தலைவர் ட்ரென்சார்டு ஒரு வழி கண்டார்: ஒவ்வொரு பெரிய நகரமும் தன் பெயரில் ஒரு ஸ்குவாட்ரன் வைத்துக்கொள்ளட்டும், அந்த ஊர்க்காரர்களே விமானிகளாகவும் மெக்கானிக்குகளாகவும் இருக்கட்டும், பயிற்சி தர மட்டும் நிரந்தரப் படையிலிருந்து சிலர் வரட்டும். 1924-ல் சட்டம் வந்தது. 1925-ல் முதல் நான்கு பிரிவுகள் உருவாயின: லண்டனில் 600, 601, கிளாஸ்கோவில் 602, எடின்பரோவில் 603. நான்கிலும் மூத்தது 602, அந்த ஆண்டு செப்டம்பர் 12-ல் ரென்ஃபுரூ மைதானத்தில் தொடங்கியது. அப்போது அது வெடிகுண்டு போடும் பிரிவு. கையில் இருந்தவை முதல் போரின் மிச்சமான டிஎச்9ஏ விமானங்கள்.

வக்கீல், விவசாயி, கட்டட வேலைக்காரர் என்று பலர் வந்தார்கள். மாலை நேரங்களில் வகுப்பு, சனி ஞாயிறுகளில் பறப்பு, கோடையில் இரண்டு வார முகாம். 1933-ல் பிரிவு ஆபட்ஸிஞ்சு மைதானத்துக்கு மாறியது. நீங்கள் கிளாஸ்கோவில் இறங்கப்போகும் விமான நிலையம் அதே இடம்தான்.

இரண்டாம் வரிசையா என்று கேட்டீர்கள். அதே 1933-ல் ஏப்ரல் 3 அன்று எவரெஸ்ட் சிகரத்தின் மேல் முதன்முதலாகப் பறந்த இரண்டு விமானங்களை ஓட்டியவர்கள் இந்தப் பிரிவுக்காரர்கள். ஒருவர் 602-இன் தலைவர் கிளைட்ஸ்டேல் பிரபு; அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. இன்னொருவர் டேவிட் மெக்கின்டயர். கிளம்பிய இடம் நம் பீகாரின் பூர்ணியா. விமானி இருக்கைக்கு மேல் கூரை இல்லாத விமானங்கள். மூச்சுக்குக் குழாயில் ஆக்சிஜன். மெக்கின்டயரின் பின்னால் இருந்த படப்பிடிப்பாளர் பான்னெட்டின் குழாய் உடைந்துபோக, கைக்குட்டையால் கட்டியும் அவர் மயங்கி விழுந்தார், பிறகு பிழைத்தார். ஊர்த் துணைப்படை விமானிகள் இருவரை நம்பி இந்தப் பயணம் ஒப்படைக்கப்பட்டது என்றால் அவர்கள் திறமைக்கு வேறு சான்று வேண்டுமா?

1939 மே மாதம் 602-க்கு ஸ்பிட்ஃபயர் வந்தது. துணைப்படைப் பிரிவுகளில் அதற்குத்தான் முதலில் கிடைத்தது. முழுநேரப் பிரிவுகள் பலவற்றுக்கு அப்போதும் வந்திருக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் துணைப்படை முழுவதையும் முழுநேரப் பணிக்கு அழைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 16-ஆம் தேதி ஃபோர்த் கழிமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களைத் தாக்க ஜெர்மன் யுங்கர்ஸ் 88 விமானங்கள் வந்தன. எதிர்கொண்டவை 602-உம் 603-உம். எடின்பரோ பிரிவின் பாட் கிஃபோர்டு ஒன்றைக் கடலில் வீழ்த்தினார். தொழிலால் அவர் வக்கீல். சற்று நேரத்தில் கிளாஸ்கோ பிரிவின் ஜார்ஜ் பிங்கர்ட்டன் இன்னொன்றை வீழ்த்தினார், அவர் விவசாயி. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஜெர்மன் அதிகாரி ஹெல்முட் போலே வந்த விமானம் அது, அவர் பிடிபட்டார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் மீது வந்த எதிரி விமானங்களில் முதலில் விழுந்தவை இவை. அதே மாதம் 28-ஆம் தேதி ஹம்பி கிராமத்தருகே ஹைங்கல் 111 என்ற ஜெர்மன் விமானம் தரையில் விழுந்தது. தீவுகளை விட்டுவிட்டால், பிரிட்டனின் பெருநிலத்தில் விழுந்த முதல் எதிரி விமானம் அதுதான். அதை வீழ்த்தியதிலும் இரு பிரிவுகளுக்கும் பங்கு உண்டு. அதில் முன்னால் நின்றவர் 602-இன் ஆர்ச்சி மெக்கெல்லர். போருக்கு முன் சுவர்ப் பூச்சு வேலை கற்றவர். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பறந்து பழகியவர்கள்தான் அந்த முதல் அடியைத் தாங்கினார்கள் என்பதை உங்கள் மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

1940-ல் பிரிட்டன் போரில் பங்கேற்ற துணைப்படைப் போர் ஸ்குவாட்ரன்கள் 14. அவற்றில் 602 ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை தென்கடற்கரையை ஒட்டிய வெஸ்ட்ஹாம்ப்னெட் மைதானத்தில் இருந்தது. சாண்டி ஜான்ஸ்டன் தலைமையில், நடுவில் மாற்றுப் பிரிவு வராமல், அவ்வளவு காலம் முன்வரிசையிலேயே நின்றது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. போர் நீள நீள, இறந்தவர்கள், காயப்பட்டவர்கள், மாற்றலானவர்கள் இடத்துக்கு வேறு ஊர்க்காரர்களும் வேறு நாட்டுக்காரர்களும் வந்தார்கள். 1942-ல் தலைமை ஏற்றவர் அயர்லாந்தின் ஃபினுகேன். 1943-ல் பிரெஞ்சு விமானி கிளோஸ்டர்மன் சேர்ந்தார். அப்போது 602-க்கும் எந்த முழுநேரப் பிரிவுக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை. கிளாஸ்கோவின் சொந்தப் பிரிவு என்ற தன்மையை 1939-க்கு முன்னும் 1946-க்குப் பின்னும்தான் பார்க்க முடியும். நான் ஆர்ஏஐ எழுத்துகளை இவ்வளவு அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

1944 ஜூலையில் ஜெர்மன் தளபதி ரோமெலின் காரைச் சுட்டது 602 என்று எங்காவது படிப்பீர்கள். கனடா நாட்டுப் பிரிவொன்றும் அதே உரிமையைக் கோருகிறது. தீராத வழக்கு, முடிவான உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1945 மே மாதம் கலைக்கப்பட்ட பிரிவு, 1946 மே மாதம் ஆபட்ஸிஞ்சில் மறுபடி கூடியது. 1947 டிசம்பரில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் துணைப்படைக்கு 'ராயல்' பட்டம் தந்தார். 1951-ல் வாம்பயர் ஜெட்கள் வந்தன. ஆனால் ஜெட் காலத்தில் செலவும் சிக்கலும் கூடிக்கொண்டே போயின. வார இறுதிப் பயிற்சியில் அதைத் தாங்க முடியாது என்று அரசு முடிவுசெய்து, 1957 மார்ச் 10-ல் துணைப்படையின் பறக்கும் ஸ்குவாட்ரன்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கலைத்தது. 602 என்ற பெயர் 2006 ஜூலையில் திரும்பி வந்திருக்கிறது. இப்போது அதனிடம் விமானம் இல்லை, தரைப் பணிகளுக்கு உதவும் ரிசர்வ் பிரிவு.

பயணத்தில் உதவும் இன்னொரு குறிப்பு. துணைப்படை வேறு, தன்னார்வ ரிசர்வ் வேறு. துணைப்படை என்பது ஓர் ஊருக்குச் சொந்தமான முழுப் பிரிவு. 1936-ல் தொடங்கிய தன்னார்வ ரிசர்வோ தனி ஆட்களைப் பயிற்றுவித்துத் தேவைப்படும் பிரிவுகளுக்கு அனுப்பிய ஏற்பாடு. சீருடைக் காலரில் ஏ என்ற எழுத்து இருந்தால் துணைப்படை, விஆர் என்றிருந்தால் தன்னார்வ ரிசர்வ். இந்தியாவிலும் தன்னார்வ ரிசர்வ் இருந்தது. போரின் தொடக்கத்தில் சென்னை பரங்கிமலையில் இயங்கிய முதலாம் கடலோரக் காவல் விமானப் பிரிவு அதைச் சேர்ந்ததுதான்.

கெல்வின்குரோவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பால்கனியில் ஏறிப் பாருங்கள். விமானத்தின் மேல்பக்கமும் ஓட்டுநர் இருக்கையும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். 1940-ல் உண்மையிலேயே சண்டை போட்ட ஸ்பிட்ஃபயரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், திரும்பும் வழியில் லண்டனில் இறங்கி இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே கூடத்தில் தொங்கும் ஆர்6915 என்ற விமானம் அந்தப் போரில் 57 முறை பறந்தது. 3 தகடுகள், 8 துப்பாக்கிகள் என்று நான் சொன்ன அடையாளங்களை அதில் சரிபார்க்கலாம். அதை ஓட்டியது 609-ஆம் ஸ்குவாட்ரன். யார்க்ஷையர் பகுதியின் துணைப்படைப் பிரிவு. அங்கும் கட்டணம் கிடையாது.